ஏற்காட்டு மூடுபனிக்கு ஒரு பழைய காரைத் தயார் செய்தது

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தை முடியும்வரை மலைப்பாதை வேறு பாதையாகிவிடும். அடிவாரம் செக்போஸ்ட் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும்போது எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. நான் அங்கே ஒரு காபி தோட்ட அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். பழம் பறிப்பு மும்முரமாக நடப்பதும் இதே மாதங்களில்தான். பறித்த பழத்தின் எடை, ஆள் கணக்கு, கூலி என்று வேலை குவிந்து கிடக்கும்போது, பனி அதிகம் என்று வீட்டில் உட்கார முடியாது. அதனால் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய என் ஹேட்ச்பேக் காரை இந்தப் பருவத்துக்காக ஒரு முறை முழுசாகச் சரி செய்தேன். பெரும்பாலான வேலையை நானே வீட்டு வாசலில் செய்தேன். ஒயரிங் மட்டும் கோரிமேடு பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்து கொடுத்தார்.

நாம் மூடுபனி என்று சொல்வது ஏற்காட்டில் பெரும்பாலும் மலையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மேகம்தான். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஈரக்காற்று மலைச்சரிவில் மேலே ஏறும்போது குளிர்ந்து, அதிலிருக்கும் நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. அதனால்தான் பனி பட்டை பட்டையாக வரும்: கீழே வெயில், நடுவில் ஒன்றும் தெரியாது, மேலே ஏறினால் மறுபடி வெயில். இந்த ஏற்றத்துக்குள் வெளி வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். கார் கண்ணாடியும் அதே வேகத்தில் குளிர்கிறது. உள்ளே இருப்பதோ சேலத்திலிருந்து ஏற்றி வந்த ஈரக்காற்று. அது குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் உள்பக்கம் வியர்க்கும்.

ஆக, வண்டி ஓட்டுகிறவர் இரண்டு பனியோடு மல்லுக்கட்டுகிறார். வெளியே இருப்பதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடிக்கு உள்ளே இருப்பது முழுக்க முழுக்க நம் காரின் கோளாறு, அதைத் தீர்க்க முடியும். ஃபாக் லேம்ப் வாங்கப் போகும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

தண்ணீர் எங்கே இருந்தது

இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, காலையில் கதவைத் திறந்தாலே கண்ணாடி முழுக்க உள்பக்கம் வியர்த்திருந்தது. ஓட்டும்போது துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது. கூடவே ஈரத்துணி மக்கிய வாடை. இரவு முழுக்கப் பூட்டியிருந்த காரில் மூச்சுவிட யாரும் இல்லை. அப்படியும் கண்ணாடி வியர்க்கிறது என்றால் உள்ளேயே எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

முதலில் ஹீட்டர் கோர், அதாவது என்ஜினின் சூடான கூலன்ட் ஓடி காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர், கசிகிறதா என்று பார்த்தேன். அது கசிந்தால் கூலன்ட் அளவு குறையும், காருக்குள் ஒரு இனிப்பு வாடை வரும், கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் ஒட்டும். மூன்றுமே இல்லை. அடுத்தது கதவு ரப்பர். ஒருவரை உள்ளே உட்கார வைத்து, வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் அதுவும் நன்றாகவே இருந்தது. அப்புறம் இடதுபக்க முன்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் ரப்பர் மிதியடியை எடுத்துவிட்டு கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினேன். விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஊறி வந்தது.

இன்னொரு தடயமும் கிடைத்தது. ஏசி கொஞ்ச நேரம் ஓடினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டிக் குட்டை கட்ட வேண்டும். ஈரமான காற்று, ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் பாகமான எவாப்பரேட்டரில் பட்டுக் குளிரும்போது பிரியும் தண்ணீர் அது. என் கார் நின்ற இடத்தில் தரை காய்ந்தே இருந்தது. வெளியே போக வேண்டிய தண்ணீர் உள்ளே வழிந்துகொண்டிருந்தது.

காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போக வேண்டாம், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். என்ஜின் அறைக்கும் உட்காரும் அறைக்கும் நடுவில் உள்ள தகட்டில், இடதுபக்கம் கீழே, விரல் தடிமனில் ஒரு வளைந்த ரப்பர் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஏசி ட்ரெயின். நைலான் கேபிள் டை ஒன்றை அதற்குள் மெதுவாக விட்டு ஆட்டினேன். கம்பி விடக் கூடாது, எவாப்பரேட்டர் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது, குத்திவிட்டால் பெரிய செலவு. முதலில் கறுப்பாகச் சேறு வந்தது, அதன் பின்னால் தண்ணீர் கொட்டியது.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விட்டால் அடுத்த மாதமே மறுபடி அடைக்கும். வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பள்ளம் முழுக்க மக்கிய சில்வர் ஓக் இலை. தோட்டத்தில் காபிச் செடிக்கு நிழல் தருவதும் மிளகுக் கொடி ஏறுவதும் இந்த மரத்தில்தான். பகல் முழுக்க கார் அதன் அடியில்தான் நிற்கிறது. பலா இலை மாதிரி அகலமானது விழுந்தால் மேலேயே நின்றுவிடும். சில்வர் ஓக் இலை சிறு சிறு கீறலாகப் பிரிந்திருப்பதால் உடைந்து அந்த மூடியின் சல்லடைக்குள் இறங்கிவிடுகிறது. மழைத்தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டையை அடைத்துவிட்டு, வெளிக்காற்று இழுக்கும் வழியாக, காற்றை உள்ளே ஊதும் ப்ளோயர் வரை போயிருந்தது. கைப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றினால் அதுவும் ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது. புதிதாக மாற்றினேன். மலையில் மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் எல்லோரும் மழைக்கு முன்னும், நடுவில் ஒரு முறையும் இந்தப் பள்ளத்தைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அடைப்பு எடுத்ததோடு வேலை முடியாது. கார்பெட்டுக்கு அடியில் தடிமனான ஒரு மெத்தை இருக்கிறது. தண்ணீரைக் குடிப்பது அதுதான். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, சீட்டின் நான்கு போல்ட்டையும் கழற்றினேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் சம்பந்தப்பட்டது, பேட்டரி இணைப்பில் இருக்கும்போது அதைத் தொடக் கூடாது. கார்பெட்டையும் மெத்தையையும் மொட்டை மாடியில் விரித்துப் போட்டேன். இந்த விஷயத்தில் சேலத்து வெயிலுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏற்காட்டில் இருந்திருந்தால் அந்த மெத்தை தை மாதம் வரை காய்ந்திருக்காது.

மறுநாள் காலை கண்ணாடி காய்ந்திருந்தது. வாடை போக இன்னும் சில நாள் பிடித்தது.

என் மனைவியின் தம்பி அமெரிக்காவில் மினியாபோலிஸில் வேலை செய்கிறான். அங்கே நிஜமான பனிப்பொழிவு. போனில் இதைச் சொன்னபோது, "மாமா, இங்க கார்ல ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் தட்டி பூட்ஸ்ல இருக்கிற பனியை உதறிடுவோம். இல்லாட்டி அது உருகி மேட்ல தேங்கி, கண்ணாடியெல்லாம் மூடிக்கும்" என்றான். அங்கே 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயர் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும், அதனால் குளிர்கால டயர் மாட்டுகிறார்கள். கண்ணாடி கழுவும் தண்ணீரும் உறையாத வகையாக இருக்க வேண்டும். நமக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் காலில் ஒட்டிய பனி பற்றி அவன் சொன்னது நமக்கும் அப்படியே பொருந்தும். நனைந்த குடையையும் மழைக்கோட்டையும் சீட்டுக்குப் பின்னால் போட்டால் அந்தத் தண்ணீர் எல்லாம் கண்ணாடிக்குத்தான் வரும். டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் டப்பு வைத்து, ஈரமான எதையும் அதில்தான் போடச் சொல்கிறேன்.

குளிரில் ஏசி எதற்கு

என்னோடு காரில் வரும் ஸ்டோர் தம்பி எட்டாவது வளைவு வந்தால் கேட்பான்: "குளிருல விறைக்குதுங்கண்ணா, ஏசிய நிறுத்திடட்டுங்களா?" மலை ஏறும் எத்தனையோ கார்களில் இது நடக்கிறது. நிறுத்திய சில நிமிடத்தில் கண்ணாடி மூடும், டிரைவர் ஒரு கையால் துடைத்துக்கொண்டே வளைவு திருப்புவார்.

ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு உலரவும் வைக்கிறது. மூடுபனியில் நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது வேலை. குளிர் வேண்டாம் என்றால் வெப்பக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும். சேலத்துக்குள்ளேயே ஓடும் காரில் அந்தப் பக்கம் திருப்பும் தேவையே வருவதில்லை, அதனால் பலருக்கு அது இருப்பதே நினைவில் இருக்காது. ஏசி ஈரத்தைப் பிரித்தெடுக்கும், ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கும், சூடான காற்று கண்ணாடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்து ஓடினால் கண்ணாடி தெளியும், உள்ளே இருப்பவர்களும் நடுங்க மாட்டார்கள். கூடவே, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வெளிக்காற்றுக்கு மாற்ற வேண்டும். நான்கு பேர் விடும் மூச்சை உள்ளேயே சுற்றவிட்டால் ஏசியும் திணறும்.

மேலிருந்து இறங்கும்போது சில நாள் நேர்மாறாக நடக்கும். ஏசி நன்றாகக் குளிரவைத்த கண்ணாடியில், கீழே உள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்று வெளிப்பக்கம் வியர்க்கும். வைப்பரை ஒரு முறை ஓட்டினால் போய்விட்டது என்றால் ஈரம் வெளியே இருக்கிறது. குளிரைக் குறைத்தால் போதும்.

இனி கண்ணாடியைத் துடைப்பது. டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காயும்போது வெளிவரும் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய படலமாக ஒட்டுகிறது. அந்த அழுக்கின் மேல் ஈரம் படும்போது நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கும், எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுக்கப் பூப்பூவாகச் சிதறும். பாத்திரம் கழுவும் திரவம் ரெண்டு சொட்டு விட்ட தண்ணீரில் ஒரு முறை, வெறும் தண்ணீரில் ஒரு முறை, கடைசியாக ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து மைக்ரோஃபைபர் துணியில் ஒரு முறை. முடிவில் பழைய செய்தித்தாளால் அழுத்தித் தேய்த்தால் கோடு விழாது. ஷேவிங் நுரை தடவித் துடைப்பதும் உண்மையிலேயே வேலை செய்கிறது, ஏனென்றால் சோப்புத் தன்மை தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் பரப்பிவிடும். ஆனால் சில நாள்தான் நிற்கும். நான் பக்கக் கண்ணாடிகளுக்கு மட்டும் அதைச் செய்கிறேன், முன் கண்ணாடியில் மிச்சம் நின்றால் இரவில் கண் கூசும்.

வைப்பர் ரப்பர் இறுகிப் போயிருந்தது. மாற்றினேன், அவ்வளவுதான்.

வெளிச்சம்

ஹெட்லைட்டின் மேல்மூடி கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டு மேல்பூச்சு அழியும்போது மஞ்சளாகிப் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். அந்த மங்கல் வெளிச்சத்தைக் குறைப்பதோடு நாலாபக்கமும் சிதறவும் விடுகிறது. மூடுபனியில் அந்தச் சிதறல்தான் திரும்பி வந்து நம் கண்ணிலேயே விழுகிறது.

சுற்றியுள்ள பெயின்ட்டை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, வாட்டர் பேப்பரை நனைத்து, சொரசொரப்பு எண் 800-ல் தொடங்கி 1500, 2000, 3000 என்று தேய்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்ற வேண்டும்: ஒன்று குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. முந்தைய பேப்பரின் கீறல் முழுசாக மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். 800 முடிந்ததும் லேம்ப் முன்பைவிட மோசமாக வெள்ளையாகிப் பார்க்கவே பயமாக இருக்கும். பயப்பட வேண்டாம், மஞ்சள் சேறு வழிவது நின்று வெள்ளையாக வழிந்தால் பழைய பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். கடைசியில் பாலிஷ் காம்பவுண்ட், அதற்கு மேல் புறஊதா தடுக்கும் கிளியர் கோட். இந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதங்களில் பழைய நிலைக்கே வந்துவிடும். டூத்பேஸ்ட் தேய்ப்பது நிலைக்காததும் இதனால்தான்: பளபளப்பு வரும், பாதுகாப்பு வராது.

லேம்ப் தெளிந்தும் டிம் (கிட்டத்தில் தாழ்வாக விழும்) வெளிச்சம் சோகையாகவே இருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பல்ப் முனையில் 12.4. "கரன்ட்டு வழியிலயே செத்துப்போவுது தம்பி. இந்தப் பழைய ஒயருல என்ன பல்ப் போட்டாலும் இப்படித்தான் எரியும்" என்றார். ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். காரணம், பல வண்டிகளில் ஹெட்லைட் மின்சாரம் முழுக்க ஸ்டியரிங் பக்க சுவிட்ச் வழியாகவே சுற்றிப் போகிறது. அவர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு நேரடியாகத் தடிமனான ஒயர் இழுத்து, சுவிட்ச் ரிலேயை (சின்னக் கரன்ட்டைக் கொண்டு பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் பாகம்) மட்டும் இயக்கும்படி மாற்றினார். எர்த் முனையைச் சுரண்டித் துரு எடுத்துப் புதிதாக முடுக்கினார். பல்ப் முனையில் 13.6 வந்தது. பல்ப் அதே 60/55 வாட் ஹாலஜன்தான். ஹாலஜனுக்கென்று வடிவமைத்த கிண்ணத்தில் எல்இடி பல்ப் செருகும் யோசனை எனக்குப் பிடிப்பதில்லை. ஒளி தோன்றும் இடம் கொஞ்சம் மாறினாலும் டிம்மின் மேல்விளிம்பு கலைந்துபோய், எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். மலைப்பாதையில் எதிரே வருகிறவருக்குக் கண் தெரிவதும் நம் பாதுகாப்புதான்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஃபாக் லேம்ப். பம்பரில் தாழ்வாக, 55 வாட் இரண்டு. இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும், அதனால் 15 ஆம்பியர் ஃபியூஸும் தனி ரிலேயும். மாட்டுவதைவிட முக்கியம் அதன் குறி, அதாவது வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது. சமதளத்தில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் காரை நிறுத்தி, லேம்ப் நடுப்பகுதியின் உயரத்தைச் சுவரில் டேப்பால் குறித்தேன். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே வரும்படி ஸ்க்ரூவைத் திருப்பினேன். தாழ்ந்து, அகலமாக, தட்டையாக விழுந்தால்தான் அது ஃபாக் லேம்ப். மேலே தூக்கி வைத்தால் பனியில் இன்னொரு வெள்ளைச் சுவர் எழும்பும், அவ்வளவே. பிரைட் போட்டாலும் அதே கதிதான்.

மஞ்சளா வெள்ளையா என்று கடையில் கேட்பார்கள். மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பது பரவலான நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. மஞ்சளில் கூச்சம் குறைவாக உணர்கிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான், அதனால் மஞ்சள் வாங்கினேன். ஆனால் நிறத்தைவிட குறி சரியாக இருப்பதுதான் பார்வையைத் தரும்.

வண்டி தயாரான பிறகு

எவ்வளவு செய்தாலும் அடர்ந்த பனியில் 20 மீட்டருக்கு மேல் தெரியாத இடங்கள் வரும். நனைந்த சாலையில், கண்டதும் பிரேக் மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் நிற்க 30 மீட்டருக்கு மேல் வேண்டும். 30-ல் போனாலே 20-ஐத் தாண்டிவிடும். 20-ல் போனால் சுமார் 12 மீட்டரில் நிற்கலாம். இது சமதளக் கணக்கு, இறக்கத்தில் இன்னும் கூடும். காட்டுமாடு சாலையில் நிற்கிற மலை இது. ஆக, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் வேகம். பின்னால் ஹாரன் அடிக்கிறவர் அடிக்கட்டும். அகலமான இடம் வந்தால் ஒதுங்கி வழிவிட்டுவிடுவேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டு போகும் வழக்கம் இங்கே அதிகம். அப்படிப் போனால் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது, நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்பதும் தெரியாது. ஓரமாக நிறுத்தும்போதுதான் அது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே என்ஜின் பிடிப்பில் இறங்குகிறேன். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும், இருபதாவது வளைவிலிருந்து அடிவாரம் வரை அது தாங்காது.

கனமழை நாளில் கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று அடிவாரத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்தது. அப்படி ஆனால் குப்பனூர் வழிதான் மிச்சம். அது குறுகலான பாதை, அதற்கேற்ற நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

டயர் பட்டனுக்கு, அதாவது டயரில் உள்ள வரிப்பள்ளத்தின் ஆழத்துக்கு, சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதும். ஈரமான மலைப்பாதைக்கு அது போதாது என்பது என் எண்ணம், 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் முன் டயர் இரண்டையும் மாற்றிவிட்டேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பின் கண்ணாடியைச் சூடாக்கித் தெளியவைக்கும் டிஃபாகர் கம்பிக் கோடுகளில் ஒன்று அறுந்திருக்கிறது, அந்தப் பட்டை மட்டும் தெளிவதில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு மீட்டர் முனையை அந்தக் கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போனால் வோல்ட் படிப்படியாக இறங்கும். எந்த இடத்தில் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. இடத்தைக் கண்டுபிடித்துக் குறித்துவிட்டேன். மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சும் வாங்கியாயிற்று. கண்ணாடி நன்றாகக் காய்ந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி அந்த இடத்தில் மட்டும் தடவ வேண்டும்.